பசலை பூசும் கேமரா

குறுந்தொகை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் இரண்டு சொற்களுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மாமை, இன்னொன்று பசலை. மாமை மாந்தளிரின் நிறம். தலைவியின் அழகைச் சொல்லும் சொல். பிரிவில் அந்த நிறம் மங்கி, உடம்பில் வெளிறிப் படர்வது பசலை. அது நோய். தலைவி அதை எண்ணி வருந்துகிறாள், தோழி பதறுகிறாள், தாய் சந்தேகப்படுகிறாள். திருக்குறளில் இதற்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. தளிரின் நிறம் நலம், வெளிறுவது துன்பம் என்பது அந்தக் கவிதைகளின் கணக்கு.

இதைச் சொன்னால் பின்வரிசையில் சிரிப்பு எழும். “அப்படின்னா நாங்கல்லாம் காசு குடுத்துப் பசலை வாங்கறோமாம்மா?” என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். முகப்பூச்சை மனத்தில் வைத்துக் கேட்டாள். இப்போது அதற்குக் காசுகூட வேண்டியதில்லை. செல்பேசியின் முன்கேமராவே பூசித் தந்துவிடுகிறது.

எங்கள் துறையின் பிரிவு உபசாரப் படம் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. அதில் நிற்கும் பெண்களில் சிலர் நல்ல கருப்பு, பலர் மாநிறம், இரண்டொருவர் சிவப்பு. படத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிறம். படம் எடுத்தவரிடம் கேட்டேன். “மேடம், உள்ளது உள்ளபடி குடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க. கொஞ்சம் பிரைட் ஏத்தி, ஸ்கின்ன க்ளீன் பண்ணித்தான் குடுக்கணும். அப்பதான் நல்லா இருக்குன்னு சொல்வாங்க” என்றார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தன் தொழிலைச் சொன்னார். துல்லியம் ஒரு பக்கம், கண்ணுக்கு இதம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பது படத்தையும் ஒலியையும் கையாளும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு எழுந்த கேள்வி வேறு. யாருடைய கண்ணுக்கு இதம்?

*

கேமரா பார்த்ததை அப்படியே தருகிறது என்று நாம் நம்புகிறோம். டிஜிட்டல் கேமராவின் சென்சார் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மட்டும் அளக்கிறது. புள்ளிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மிகச் சிறிய வடிகட்டிகள் பதித்திருக்கும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் உண்மையில் தெரியும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கருவி ஊகிக்கிறது. பிறகு எது வெள்ளை என்று முடிவு செய்கிறது, வெளிச்சத்தைக் கூட்டுகிறது, புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைத் தேய்க்கிறது. மங்கலான வெளிச்சத்தில் அதற்கு இரைச்சலுக்கும் முகத்தின் மயிர்க்கால்களுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே தேய்த்துவிடும்.

வெளிச்சத்தை அளப்பதிலும் ஓர் அனுமானம் உண்டு. எதிரே இருப்பதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று கேமரா எடுத்துக்கொள்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன் ஒரு கருத்த பெண்ணை நிறுத்தினால் சுவரின் வெளுப்பைக் குறைக்கப் பார்க்கும். சுவர் சாம்பலாகும்; அவள் முகம் இருளில் போகும். ஆக, கேமரா தரும் துல்லியம் என்பதே பல முடிவுகளின் தொகுப்பு. ஒவ்வொரு முடிவையும் எங்கோ யாரோ உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் எதை அளவுகோலாக வைத்தார்கள்? கோடக்கின் ஆய்வாளர் டேவிட் மக்ஆடம் 1951இல் எழுதியது இது: தோலின் நிறத்தை அளவு தவறாமல் அப்படியே பதிந்த படத்தைப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒருமனதாக ஒதுக்கினார்கள், அவர்களுக்கு மிகவும் பிடித்த படத்தை நேரில் இருக்கும் ஆளோடு ஒப்பிட்டால் அது வெளிறிப்போனதாக இருந்தது. 1960இல் பார்டில்சன் என்பவர் நினைவில் இருக்கும் நிறங்களை ஆராய்ந்தார். புல்லை உள்ளதைவிட அழுத்தமான பச்சையாகவும் வானத்தை உள்ளதைவிட அழுத்தமான நீலமாகவும்தான் மனிதர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்காரர் தன் அனுபவத்தில் சொன்னதை ஆய்வுக்கூடம் அட்டவணை போட்டுச் சொல்லியிருக்கிறது.

அந்த அட்டவணைக்குள் இருந்த தோல் வெள்ளைத் தோல். 1950களிலிருந்து கோடக் நிறுவனம் புகைப்பட அச்சுக்கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். முதலில் படமாக நின்றவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஷர்லி பேஜ். பிறகு வேறு பெண்கள் வந்தாலும் ‘ஷர்லி அட்டை’ என்ற பெயர் நிலைத்தது. வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் சேர்ந்து நிற்கும் வகுப்புப் படங்களில் கறுப்பினக் குழந்தைகளின் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. பிலிமில் பதியக்கூடிய வெளிச்ச வீச்சே அன்று குறுகியதுதான். ஆனால், குறுகிய வீச்சை யார் முகத்துக்கு ஒதுக்குவது என்பது வேதியியல் முடிவு செய்ததல்ல.

கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதிய கட்டுரையில் இந்த வரலாறு விரிவாக இருக்கிறது. அதில் என்னால் மறக்க முடியாத செய்தி ஒன்று: கோடக்கின் பிலிம் பழுப்பு நிறங்களை நன்றாகப் பதியும்படி திருந்தியதற்கு முக்கியக் காரணம், மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் தயாரிப்பவர்களும் கொடுத்த புகார். ஒரு மரத்துக்கும் வேறு மரத்துக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை, கருஞ்சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்றார்கள். நாற்காலிக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த காது, பிள்ளையின் பள்ளிப் படத்தைக் கையில் வைத்திருந்த தாய்க்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 1973இல் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கணினிப் படச் சோதனைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. 1972 நவம்பர் மாத ‘பிளேபாய்’ இதழின் நடுப்பக்கத்திலிருந்து லேனா ஃபோர்சன் என்ற பெண்ணின் படத்தைத் தோள்வரை வெட்டி ஸ்கேன் செய்தார்கள். படத்தைச் சுருக்கும் முறை, கூர்மையாக்கும் முறை என்று எது வந்தாலும் அந்த முகத்தில் போட்டுப் பார்ப்பது உலக வழக்கமானது. ஐஇஇஇ கணினிச் சங்கம் தன் இதழ்களில் இனி அந்தப் படம் வேண்டாம் என்று சொன்னது 2024 ஏப்ரலில். இடையில் 50 ஆண்டுகள். படம் பார்க்க நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்யும் அறையில் பெண் எப்போதும் இருந்திருக்கிறாள், பார்க்கப்படும் இடத்தில்.

*

இதையெல்லாம் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே என் படமும் ஒரு கவருக்குள் போய் வீடு வீடாகச் சுற்றியிருக்கிறது. எம்.ஏ. முடித்த வருடம் அம்மா என்னை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு கண்ணாடியும் பவுடர் டப்பாவும் பல் போன சீப்பும் இருந்தன. இரண்டு விளக்குகளையும் என் முகத்துக்குக் கிட்டத்தில் இழுத்து வைத்தார்கள். வந்த படம் அழகாகத்தான் இருந்தது. பெண் பார்க்க வந்த வீட்டின் மூத்த அம்மா ஒருவர் கையில் படத்தை வைத்துக்கொண்டு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் மெதுவாக, “போட்டோல நல்லா இருந்துச்சு. நேர்ல கலர் கொஞ்சம் கம்மியா இருக்குதே” என்றார்.

‘கலர் கம்மி’ என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். நிறம் அதிகம் உள்ளவளைத்தான் நம் ஊரில் கலர் கம்மி என்கிறோம். மாந்தளிரையும் கருவிளம்பூவையும் கண்ட மொழியில், நிறம் என்ற சொல்லே வெள்ளைக்கு மட்டும் உரியதாகிவிட்டது. அந்தக் குறைக்கு விலையும் உண்டு. பேச்சு நகையில் தொடங்கி, “இன்னும் அஞ்சு பவுன் சேர்த்துப் போட்டுடுங்க” என்று முடியும். படத்துக்கும் முகத்துக்கும் இடையே ஸ்டுடியோ உண்டாக்கிய தூரத்துக்குப் பணம் கட்ட வேண்டியவர் என் அப்பா. தலை குனிந்து நிற்க வேண்டியவள் நான். அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால், அந்தப் பார்வை படத்திலிருந்து முகத்துக்கும் முகத்திலிருந்து படத்துக்கும் போய்வந்த சில நொடிகள் இன்னும் என் உடம்பில் இருக்கின்றன.

அப்படியானால் துல்லியம்தான் பெண்ணின் பக்கம் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. போலராய்டு நிறுவனத்தின் ஐடி-2 என்ற கேமரா அடையாள அட்டைக்கு நொடியில் படம் எடுத்துத் தரும். பிளாஷ் வெளிச்சத்தைக் கூட்ட அதில் தனிப் பொத்தான் உண்டு. கருத்த முகம் தெளிவாக விழும். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பின மக்களை அடக்கிவைத்த பாஸ் புத்தகங்களுக்குப் படம் எடுக்க அது பயன்பட்டது. இதைக் கண்டுபிடித்து 1970இல் போராட்டம் தொடங்கியவர்களில் ஒருவர் அதே நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த கறுப்பினப் பெண் கரோலின் ஹண்டர். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். போராட்டம் ஓயவில்லை, 1977இல் நிறுவனம் அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. முகம் தெளிவாக விழுந்தது, காவலர் அடையாளம் காண்பதற்காக. அழகுக்குக் கேட்ட அதே கேள்வியைத் துல்லியத்துக்கும் கேட்க வேண்டியிருக்கிறது: யாருக்காக?

*

ஒலிக்கு வருகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. விழுப்புரம் வட்டாரத்துக் கிராமங்களில் கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது, ஆகாது என்பார்கள். பம்ப் செட்டு நிழலிலோ புளியமரத்தடியிலோ உட்கார்ந்து பாடுவார்கள்.

என் ரெக்கார்டரில் ஒலி அளவு தானாகச் சரியாகும் வசதி இருந்தது. வாங்கும்போது அது பெரிய சிறப்பாகச் சொல்லப்பட்டது. ஒலி ஓங்கினால் கருவி குறைக்கும், தாழ்ந்தால் கூட்டும். கேட்பதற்கு இதமாக எல்லாம் ஒரே அளவில் வரும். ஒப்பாரியின் உயிரோ அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. முதல் அடியில் வானம் கிழிய எடுப்பாள். அண்ணனைச் சொல்லும் இடத்தில் குரல் தொண்டைக்குள் போய்விடும். அடிக்கும் அடிக்கும் நடுவில் ஒரு விம்மல், மூக்கைச் சிந்தும் ஓசை. கேசட்டில் ஓங்கிய அழுகை அடங்கி வந்தது. அடங்க வேண்டிய இடத்தில் காக்கையும் பம்ப் செட்டும் எழும்பி வந்தன. ஆய்வேட்டில் ‘இங்கே குரல் தாழ்கிறது’ என்று எழுதுவதற்கு என் காதில் இருந்த நினைவையும் நோட்டுக் குறிப்பையும்தான் நம்பினேன்.

சில ஆண்டுகள் கழித்துக் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப்போனார்கள். ‘சுத்தம்’ செய்து ஒரு பிரதி எனக்கும் தந்தார்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் வேலை செய்யும் முறை எளிமையானது. பாட்டில்லாத ஓர் இடத்தை இரைச்சலின் மாதிரியாகக் காட்டினால், அதைப்போல் இருப்பதையெல்லாம் முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். ஒப்பாரியில் பாட்டில்லாத இடம் என்பது மூச்சும் வளையலும் பக்கத்தில் இருப்பவளின் தேம்பலும்தான். அவையே மாதிரியாகிப் போயின. சுத்தமான பிரதியில் ஒரு பெண் தனியாக, அழகாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி யாருமே இல்லை. கூட அழுதவர்கள் இரைச்சலாகக் கழிந்துவிட்டார்கள்.

எம்பி3 உருவான கதையை அதன் பிறகுதான் படித்தேன். கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் தன் சுருக்கும் முறையைச் சோதிக்க சுசான் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாடலை எடுத்தார். பக்கவாத்தியம் இல்லாத தனிப் பெண்குரல். ஆரம்பத்தில் அது சகிக்க முடியாமல் ஒலித்தது. அந்தக் குரல் ஒழுங்காக வரும்வரை திரும்பத் திரும்பத் திருத்தினார். இங்கே கருவியைக் குரலுக்கு ஏற்பத் திருத்தினார்கள். ஒப்பாரியில் நடந்தது நேர்மாறு. கருவிக்குப் பொருந்தாததைக் குரலிலிருந்து எடுத்தார்கள்.

எனக்குப் பாடிய பாட்டிகளில் ஒருவர் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. “இது என் கொரலா? கரகரன்னு, தகரத்த இழுத்தாப்புல கெடக்குது” என்றார். கருவி பொய் சொல்லவில்லை. நம் குரல் நமக்குக் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறது. எலும்பு கனத்த ஒலிகளைச் சேர்த்துக் கொடுக்கும்; பதிவில் காற்று வழி வருவது மட்டும்தான். பாட்டிக்கும் பொய் இல்லை. எழுபது வருடம் அவர் கேட்டுவந்த குரல் அதுவல்ல.

வேறொரு டேப்பில் பிரதி எடுக்கும்போது கூர்மையைக் குறைத்துக் கனத்தைக் கூட்டும் திருகுகள் இருந்தன. அவற்றை அவர் கையிலேயே கொடுத்தேன். திருகித் திருகிப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, “இது. இப்பிடித்தான் எனக்குக் கேக்கும்” என்றார். தாலாட்டு மூன்றையும் அந்தக் குரலில் பிரதி எடுத்துப் பேத்திக்குக் கொடுத்துவிடச் சொன்னார். ஒப்பாரியையும் அப்படியே மாற்றட்டுமா என்று கேட்டேன். “அது எதுக்குக் கண்ணு? சாவுப் பாட்டுக்குச் சக்கர போடுவாங்களா? அது கெடக்கட்டும் கரகரன்னு” என்றார்.

இனிமையா, துல்லியமா என்ற வழக்கில் எனக்குக் கிடைத்த தெளிவான தீர்ப்பு அது. எதற்கு இனிமை வேண்டும், எதற்குக் கூடாது என்பது பாடியவருக்குத் தெரிந்திருந்தது. திருகு அவர் கையில் இருந்தது.

*

இப்போது செல்பேசியில் திருகு யார் கையில் இருக்கிறது? 2021இல் கூகுள் தன் பிக்சல் செல்பேசியில் எல்லாத் தோல் நிறங்களும் ஒழுங்காக விழ ‘ரியல் டோன்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2022இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்து நிற அளவுகோலை ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால், நம் மாணவிகள் கையில் இருக்கும் செல்பேசிகள் பலவற்றில் ‘அழகு’ என்ற பகுதி வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தும் இடம் மூன்று படி உள்ளே இருக்கிறது. அதன் பார்வையில் அழகு என்பது வெளுப்பு, வழவழப்பு, ஒடுங்கிய தாடை.

இதை ஒரு மாணவியிடம் சொன்னபோது அவள் கோபப்பட்டாள். “நீங்க மாமைன்னு சொல்றீங்கம்மா. வர்றவங்க கலர் கம்மின்னு சொல்றாங்க. பில்டர் போடாத போட்டோவ அனுப்பினா பார்க்கவே வர மாட்டாங்க. எனக்குன்னு பார்த்தாலும், அந்த போட்டோல இருக்கறப்ப எனக்கு நல்லா இருக்கு” என்றாள். அவள் சொன்ன இரண்டும் இரண்டு வேறு விஷயங்கள். தனக்கு நன்றாக இருக்கிறது என்பது அவள் உரிமை. கண்மை தீட்டுவதைப்போல, பாட்டி திருகைத் திருப்பியதைப்போல. அதில் நான் தலையிட மாட்டேன். அனுப்பினால்தான் வருவார்கள் என்பது அவள் விருப்பம் அல்ல, விலை. இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்திருப்பதால் எது எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்வது கடினமாகிவிடுகிறது.

அதனால் துறையில் சின்னதாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். களப்பணிக்குப் போகும் மாணவிகள் செல்பேசியில் அழகுப் பகுதியையும் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். கருவி விட்டால் ஒலி அளவைக் கையால் வைக்க வேண்டும். மூலக் கோப்பைத் தொடக்கூடாது. திருத்திய பிரதி தேவைப்பட்டால் தனியாக எடுத்து, என்ன மாற்றினோம், யார் கேட்டு மாற்றினோம் என்று குறிக்க வேண்டும். பாடியவரிடமும் படத்தில் இருப்பவரிடமும் போட்டுக் காட்டி, எது அவருக்கு வேண்டும் என்று கேட்க வேண்டும்.

போன ஆண்டு பிரிவு உபசாரத்துக்கு ஸ்டுடியோக்காரரிடம் இரண்டு விதமாகவும் பிரிண்ட் போடச் சொன்னோம். இரண்டையும் மேசையில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பாதிக்கு மேல் வெளுத்த படத்தைத்தான் எடுத்தார்கள். சிலர் மற்றதை எடுத்தார்கள். ஒருத்தி இரண்டையும் எடுத்துக்கொண்டு, “ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு எனக்கு” என்றாள். எது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.